மெல்ல மேளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறேன். தை பிறந்ததும் மூன்று நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்தன்று இரவு சுவாமி புறப்பாடு. மாசியில் ஏசி மண்டபத்தில் ஒரு கல்யாணம். பங்குனியில் என் தவில் நண்பனுக்கு முதல் வருஷ நினைவு நிகழ்ச்சி, ஊர் சமுதாயக் கூடத்தில்.

இருவரும் 22 வருஷம் ஒரே செட். போன பங்குனியில் மாரடைப்பில் போய்விட்டான். இத்தனை நாள் மற்றவர்கள் செட்டோடு போய் வாசித்தேன். அவன் இல்லாமல் சொந்தமாகச் செட் கட்டிப் போவது இதுதான் முதல் தடவை. தவிலுக்கு வருபவர் 24 வயசுப் பையன், கை நன்றாகப் பேசுகிறது.

நண்பன் மகா வேடிக்கைக்காரன். ஆலாபனை நடுவில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவான், வாயில் வைத்து ஊதும் சீவாளி உதட்டைவிட்டு நழுவும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் மாமா வந்து "தவிலைக் கொஞ்சம் மெதுவா வாசிங்க" என்றார். "சரிங்க, தாலி கட்டுறப்ப மெல்ல மேளம், மெல்ல மேளம்னு சொல்லுங்க, வாசிச்சிடறோம்" என்று இவன் சொன்னான். எங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தால், "முதல் மரியாதையும் மேளத்துக்கு, கடைசிப் பந்தியும் மேளத்துக்கு" என்பான். எங்கள் தர்மகர்த்தா நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் தவிலின் தொப்பியில், அதாவது கழியால் அடிக்கும் பக்கத்தில், 'தொம்' என்று ஒன்று வைப்பான். மூன்றாவது தடவை அவர் உட்காராமல் இவனையே பார்த்தார். இவன் கழியைத் தூக்கியபடி காத்திருந்தான். அவர் உட்கார்ந்தார், இவன் அடிக்கவில்லை. தெருவே சிரித்தது. குடித்துவிட்டு அவன் பண்ணிய கூத்துகளும் நிறைய உண்டு.

நினைவு நிகழ்ச்சியில் ஐந்து நிமிஷம் பேசச் சொல்கிறார்கள். எனக்குப் பேச வராது. அவன் தவிலை மாலை போட்டு மேடையில் வைக்கலாமா? ஸ்பெஷல் தவிலாகப் பெரிய வித்வான் ஒருவரைக் கூப்பிடலாமா? முகாரி வாசித்தால் சரியாக இருக்குமா? மூன்று நிகழ்ச்சிக்கும் எப்படித் தயாராவது என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தைப்பூசத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த இளைஞரும் நீங்களும் அதற்குள் எவ்வளவு பழகிக்கொள்கிறீர்களோ, அதை வைத்துத்தான் மற்ற இரண்டும் நடக்கும்.

22 வருஷம் உங்களோடு வாசித்தவருக்கு நீங்கள் எதையும் சொல்ல வேண்டி இருந்திருக்காது. வாயில் சீவாளி இருக்கும்போது கண்ணும், குழலின் நுனியில் விரிந்திருக்கும் அணசும்தான் பேச வேண்டும். நிறுத்தும் இடமான அருதி வருகிறது என்றால் அணசு கொஞ்சம் ஏறும், "நீ எடுத்துக்கொள்" என்றால் தவில் பக்கம் சாயும், காலப்பிரமாணம், அதாவது வேகம், ஓடுகிறது என்றால் புருவம் சுருங்கும். இவையெல்லாம் ஒவ்வொரு செட்டுக்கும் தனி. கெட்டிக்காரப் பையனானாலும் உங்கள் புருவத்தை அவர் படித்ததில்லை. ஆகவே பூசத்துக்கு முன்பு இரண்டு நாளாவது உட்காருங்கள். முதல் நாள், சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி மட்டும். எந்தத் தாளம், எத்தனை தடவை மெதுவான கீழ்காலம், எப்போது வேகமான மேல்காலம், மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரம் உண்டா, முடிந்ததும் எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தவிலுக்கு என்பதையெல்லாம் வாயால் பேசி, கையால் தாளம் போட்டு முடிவு செய்யுங்கள். மல்லாரியின் ராகமான கம்பீரநாட்டைக்கு ஐந்தே ஸ்வரம், ஸ க ம ப நி. சாகித்யமும் இல்லை. வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தவில்காரர் இடம் கண்டுபிடிக்கலாம் என்றால் முடியாது. கணக்கு ஒன்றுதான் பிடி. அது இருவருக்கும் ஒன்றாக இல்லையென்றால் சுவாமி மண்டபத்தைவிட்டு நகரும்போதே கால் இடறும். உங்கள் கோயிலில் தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, தேர் மல்லாரி என்று எவையெல்லாம் வழக்கத்தில் உண்டோ அவற்றையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் நடந்துகொண்டே வாசியுங்கள். உட்கார்ந்து பழகிய காலப்பிரமாணம் வேறு, தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் நடைக்கு வாசிப்பது வேறு. வீட்டுக்கு வீடு அர்ச்சனைக்கு நிற்பார்கள். இரண்டு நிமிஷம் நிற்கும் இடத்தில் ராகத்தை விரித்தால் பாதியில் கிளம்பிவிடுவார்கள். குறுகிய நிறுத்தத்துக்குச் சின்ன உருப்படி, தெருமுனையில் நீளமாக நிற்கும்போது தோடியோ காம்போதியோ என்று முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

தை இரவில் தொல்லை தருவது பனி. மாலை 30 டிகிரி இருந்தது நள்ளிரவில் 20 டிகிரிக்கு வந்தால், குழலுக்குள் இருக்கும் காற்றின் கணக்குப்படி அரைக்கட்டை எனும் சிறிய சுருதி இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருதி இறங்க வேண்டும். ஊதும் மூச்சின் சூடு உள்ளே ஏறுவதால் அவ்வளவு இறங்காது. ஆனால் பத்து நிமிஷம் வாசிக்காமல் நின்றால் குழல் மறுபடி குளிர்ந்துவிடும். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிக்குப் பனி தெரியாது, வைத்த இடத்திலேயே நிற்கும். அப்போது நம் கை தானாகச் சீவாளியை, குழலின் தலையில் அதைச் செருகும் கெண்டையில் இன்னும் உள்ளே தள்ளப் போகும். தள்ளினால் சுருதி ஏறும், உண்மைதான். ஆனால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு ஏறாது. மேலே இருக்கும் துளைகளுக்குக் காற்றின் நீளம் ஏற்கெனவே குறைவு. அதில் ஒரு நூல் குறைந்தால் அந்த ஸ்வரங்கள் கூடுதலாக ஏறிவிடும், கீழே உள்ளவை பின்தங்கும். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் உதட்டால் இழுத்துக் கட்ட வேண்டி வரும், ஒரு மணி நேரத்தில் உதடு மரத்துவிடும். ஆகவே குழலை முதலில் ஐந்து பத்து நிமிஷம் ஊதிச் சூடாக்கி, அது நிற்கும் இடத்துக்குச் சுருதிப் பெட்டியின் நுண்திருகைக் கொண்டு வாருங்கள். குழல் பெட்டிக்கு ஓட வேண்டாம், பெட்டி குழலுக்கு வரட்டும்.

சீவாளி ஆறேழாவது பதம் பார்த்துக் கட்டித் தொங்கட்டும். பனியில் ஊறி வாய் அடைத்துக்கொண்ட சீவாளி மூச்சை விழுங்கும், ஓசை தராது. அதோடு போராடாமல் மாற்றிவிடுங்கள். மாற்றுச் சீவாளியைப் புறப்பாட்டுக்கு முன்பே ஐந்து நிமிஷம் ஊதிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சீவாளியைத் தெருவில் வாயில் வைப்பது வேண்டாம். பனியில் தவிலின் வலந்தலையும், அதாவது விரலால் வாசிக்கும் பக்கமும், தளரும். பையன் இளரத்தம், ஓசை குறைந்ததும் பலத்தை ஏற்றுவார், பத்தாவது வீட்டில் கை சோர்ந்துவிடும். ஓய்வில் நட்டுகளைக் கொஞ்சம் முடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிரெதிராக, அரைத் திருகு அரைத் திருகாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் இழுவை ஒரு பக்கம் ஏறித் தோல் ஓரத்தில் கிழியும்.

கல்யாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியாத சடங்கு இல்லை. ஏசி மண்டபத்தில் ஒரு வித்தியாசம் மட்டும் கவனியுங்கள். வெளியில் பனியிலே குழல், தோல் இரண்டும் இறங்கும். ஏசியில் குளிர்ச்சி குழலை இறக்கும், வறண்ட காற்று தோலை இறுக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். காலையில் சரியாக இருந்த தவில் முகூர்த்த நேரத்தில் கீச்சென்று கேட்பது இதனால்தான். ஏசி காற்று நேராக விழும் இடத்தில் உட்காராதீர்கள். அதோடு, பையன் உட்காரும் இடத்திலிருந்து புரோகிதரின் கை தெரிய வேண்டும். வீடியோ எடுப்பவர்கள் குறுக்கே நிற்பார்கள், முன்பே சொல்லி ஒரு சந்து விடச் செய்யுங்கள். தாலி தட்டில் ஆசீர்வாதத்துக்கு வலம் வரும்போதே யாராவது ஒரு பெரியவர் "கெட்டி மேளம்" என்று குரல் கொடுப்பார். அதற்கு அடிக்கக்கூடாது. புரோகிதர் விரலுக்கு மட்டும்தான். மூன்றாவது முடிச்சு விழும்வரை ஓசை இறங்காமல் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள், இளைஞர்கள் முதல் முடிச்சிலேயே பலத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள்.

இனி பங்குனி.

தவிலை மாலை போட்டு வைக்கலாமா என்று கேட்டீர்கள். மாலை போடுங்கள், நிகழ்ச்சி தொடங்கும்போது கழற்றிவிடுங்கள். அது வாசிக்கப்பட வேண்டும். ஆனால் இப்போதே எடுத்துப் பார்த்தால்தான் பங்குனிக்கு ஆகும். ஒன்பது மாதம் முடுக்கிய நிலையிலேயே கிடந்திருந்தால் தோல் உயிர் இழந்திருக்கும், ஓரத்தில் பூச்சி அரித்திருக்கலாம், வளையம் கோணியிருக்கலாம். எடுத்ததும் அடிக்காதீர்கள். நட்டுகளைத் தளர்த்தி, தோலின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வலந்தலையை மாற்ற வேண்டும், அதற்குத் தவில் செய்பவரிடம் ஒரு மாதமாவது முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். பலா மரக் கட்டையைத் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஓசை உடைந்து கேட்கும். தொப்பியின் உட்புறப் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால் 'தொம்' வராது, 'டொக்' என்று நிற்கும். அவருடைய 'தொம்' அன்றைக்கு வேண்டும், அதனால் பசையை மட்டுமாவது புதுப்பித்துவிடுங்கள்.

அவர் விரலில் மாட்டி வாசித்த கூடுகளை மட்டும் யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம். பசையில் தோய்த்த துணியை விரலில் சுற்றிச் சுற்றிக் காயவைத்த கூடு ஒரு விரலுக்கென்றே ஆனது. இன்னொருவர் விரலில் ஆடும், அல்லது இறுக்கும். வாசிக்கும்போது கழன்று பறந்தால் முன்வரிசையில் விழும். அந்த டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் ஒரு கூட்டின் உள்ளே பாருங்கள். நுனி அடிபட்டு அடிபட்டு வழவழவென்றிருக்கும், உள்ளே அவருடைய விரலின் அளவு, விரல் சாய்ந்த பக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். அதை அவருடைய வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். மேடையில் வைக்க வேண்டிய பொருள் அல்ல அது.

ஸ்பெஷல் தவில் வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய வித்வான் வந்தால் கூட்டம் வரும், சந்தேகமில்லை. ஆனால் அன்றைய நிகழ்ச்சி அவருடைய நிகழ்ச்சியாகிவிடும். உங்கள் செட்டில் வாசிக்கும் பையனும், நண்பரோடு ஜோடி தவிலாகப் பக்கத்து ஊர்களில் வாசித்தவர் ஒருவரும் போதும். தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு 20 நிமிஷம் ஒதுக்குங்கள்.

முகாரி பற்றி: முகாரி என்றால் அழுகை என்று நம் ஊரில் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று வியந்து பாடும் கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது, அதில் ஒரு சொட்டு ஒப்பாரி கிடையாது. நண்பருக்கு முகாரி பிடிக்கும் என்றால் வாசியுங்கள். துக்கம் தெரிய வேண்டும் என்பதற்காக வாசிக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால் அவர் கையில் குதித்து வருபவை மத்திம கால உருப்படிகளாகத்தான் இருந்திருக்கும். அவர் எந்த உருப்படியில் உங்களைச் சிரிக்க வைத்தாரோ அதையே முதன்மையாக எடுங்கள்.

சிரித்தால் சீவாளி நழுவுவதுபோலத்தான் அழுகையும். தொண்டை இறுகினால் மூச்சு பாதியில் நிற்கும், மூக்கு அடைத்துக்கொண்டால் இடையில் மூச்சு இழுக்க வழியிருக்காது. அன்று இது உங்களுக்கு நேரத்தான் செய்யும், அதை எதிர்பார்த்தே ஏற்பாடு செய்யுங்கள். தொடக்கம் மல்லாரியாக இருக்கட்டும். விரல் தானாகப் போகும் உருப்படி அது, மனம் எங்கே இருந்தாலும் நடக்கும். ஆலாபனையின் முதல் பாதியை இரண்டாம் நாதஸ்வரத்திடம் கொடுத்துவிட்டு, மூச்சு சமனானதும் நீங்கள் நுழையுங்கள். நடுவில் அடைத்தால் ஆதார ஷட்ஜத்துக்கு இறங்கி நீளமாக நில்லுங்கள். மேல் ஸ்தாயியில்தான் பிசிறு தெரியும்.

பேச்சை எங்கே வைப்பது என்பது முக்கியம். வாசிப்பதற்கு முன் பேசினால் குரல் உடைந்த பிறகு ஊத வேண்டும், அது கஷ்டம். எல்லாம் முடிந்து பேசினால் உதடு மரத்துப்போயிருக்கும், பகர மகரம் குழறும். தனி ஆவர்த்தனத்தின் 20 நிமிஷம் உங்கள் உதட்டுக்கு ஓய்வு. வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். தனி முடிந்து கைதட்டல் அடங்கியதும் பேசுங்கள். அதன் பிறகு மங்களம் மட்டும் வாசித்தால் போதும்.

மைக்செட்காரரிடம் எக்கோவை முழுதாக எடுத்துவிடச் சொல்லுங்கள். அணசுக்கு நேராக மைக்கை நீட்டுவார்கள், அது தவறு. ஓசை திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. மூன்று நான்கு அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து இருக்கட்டும். சமுதாயக் கூடத்தில் வலந்தலைக்கு மைக் தேவையில்லை. தொப்பியின் ஓசைதான் கூட்டத்தின் பேச்சில் கரைந்துவிடும், அதற்கு ஒன்று வையுங்கள்.

பேச்சுக்கு வருகிறேன். பேச வராது என்கிறீர்கள், ஆனால் தர்மகர்த்தா நாற்காலி சம்பவத்தை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை. மூன்று தடவை, தூக்கிய கழி, அடிக்காமல் விட்டது. அவ்வளவுதான். "அவன் எவ்வளவு நகைச்சுவை உணர்வு மிக்கவன் தெரியுமா" என்று முன்னால் ஒரு வாக்கியம் சேர்த்தால் பாதி போய்விடும். "அப்படி அவன் எங்களையெல்லாம் சிரிக்க வைத்தான்" என்று பின்னால் ஒன்று சேர்த்தால் மீதியும் போய்விடும்.

மெல்ல மேளத்தில் ஒரு திருத்தம் சொல்கிறேன். "மெல்ல மேளம்னு சொல்லுங்க, வாசிச்சிடறோம் என்று இவன் சொன்னான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் வினை கடைசியில் வரும், அதனால் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் "என்று சொன்னான்" வந்து உட்கார்ந்துகொள்கிறது. சபை சிரிக்க வாயெடுக்கும்போது நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள். "என்று சொன்னான்" என்பதைத் தூக்கி முன்னால் போடுங்கள். அவருடைய சொல்லிலும் 'மெல்ல மேளம்' கடைசியில் வரட்டும். இப்படி:

"பொண்ணுக்கு மாமா வந்தாரு. தவில கொஞ்சம் மெதுவா வாசிங்கன்னாரு. இவன் கழிய மடியில வச்சான். ரொம்பப் பணிவா சொன்னான்: 'சரிங்க. மெதுவாவே வாசிச்சிடறோம். தாலி கட்டுறப்ப நீங்களும் சொல்லிடுங்க, மெல்ல மேளம், மெல்ல மேளம்.'"

அங்கே நிறுத்துங்கள். கழியை மடியில் வைத்தான் என்பது நான் சேர்த்தது. உண்மையில் அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், துண்டால் முகத்தைத் துடைத்தாரா, கூட்டைக் கழற்றினாரா என்று. அந்த ஒரு செய்கை முக்கால் ஆவர்த்தனம் இடைவெளி தருகிறது, அருதிக்கு முன்னால் விடும் இடம் போல. அவர் பேசிய பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள். நீங்கள் முன்னால் சிரித்துவிடாதீர்கள்.

கடைசிப் பந்தியைச் சொல்லலாமா என்று தயங்குவீர்கள். சொல்லுங்கள். கல்யாணத்தில் மேளம் இல்லாமல் தாலி ஏறாது, ஆனால் மேளக்காரர் சாப்பிட்டாரா என்று பார்க்க ஆள் இருக்காது. அவர் கோபப்படாமல் ஒரு வரியில் அதைச் சொல்லியிருக்கிறார். எந்த வீடு, எந்த ஊர் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வரியைச் சொல்லிவிட்டு மற்றதைவிட இரண்டு மடங்கு நேரம் சும்மா இருங்கள், முதலில் சிரிப்பார்கள், பிறகு அடங்குவார்கள்.

குடிக் கூத்துகள் வேண்டாம். அவை உங்கள் செட்டுக்குள் சிரிப்பு, முன்வரிசையில் இருக்கப் போகும் அவருடைய மனைவிக்கு அவை வேறு இரவுகள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று ஒரு வாரம் முன்னால் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லிக்காட்டுங்கள். வீட்டில் அவர் எப்படிச் சிரிக்க வைத்தார் என்று அவர்கள் ஒன்று சொல்வார்கள், அதற்கு இடம் விட்டு வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மூன்று சம்பவம் நிற்கும், நான்காவதைத் திணித்தால் எல்லாமே ஓட வேண்டியிருக்கும். கடிகாரம் வைத்து இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வரிசை: மெல்ல மேளம், பந்தி, கடைசியில் நாற்காலி. நாற்காலியைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தர்மகர்த்தா அன்று தலைமை தாங்குவார் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பிறகு அவரை இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். பேசி முடித்து அவர் உட்காரும்போது, நண்பரின் தவிலை மடியில் வைத்திருக்கும் அந்தப் பையன் தொப்பியில் ஒரே ஒரு 'தொம்' வைக்கட்டும். தர்மகர்த்தாவிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். வயதில் பெரியவர், சபையில் எதிர்பாராமல் நடந்தால் மனம் நோகலாம். சொன்னால் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார் என்றுதான் தோன்றுகிறது, மூன்றாவது தடவை நின்று பார்த்தவர்தானே அவர். பையனை அதற்கு முந்தின நாள் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். உடம்பு நாற்காலியில் படும் அந்தக் கணத்தில் விழ வேண்டும், அரை அட்சரம் பின்னால் போனாலும் அது வெறும் ஓசை. மேடையில் அவருக்கு சோபா போட்டுவிடாதீர்கள். சோபாவில் மெதுவாக அமிழ்வார், எந்த இடத்தில் 'தொம்' வைப்பது என்று பையனுக்குத் தெரியாமல் போகும். பிளாஸ்டிக் நாற்காலியே போடுங்கள்.